ஈப்போ பழனியப்பனும் கோப்பெங் சம்பந்தியும்

ஆறு ஓடுகிற ஊர்களில் மீன் இருக்கும், உடும்பு இருக்கும், மிதக்கிற பிளாஸ்டிக் பை இருக்கும். இவற்றோடு 'ஊர்வரலாற்றுக்காரர்' என்றொரு உயிரினமும் தவறாமல் இருக்கும். மற்றவை தண்ணீரோடு போய்விடும். இது போகாது. கரையோரக் கோப்பிக்கடையில் ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

நீங்கள் இவரைச் சந்தித்திருப்பீர்கள். பார்வைக்கு நம்மைப் போலத்தான் இருப்பார். வழியில் நிறுத்தி, "அண்ணே, பக்கத்துல காடி நிறுத்த இடம் இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள், சாயம் வெளுத்துவிடும். இடது பக்கம், வலது பக்கம் என்று எதுவும் சொல்லமாட்டார். கண்களைப் பாதி மூடிக்கொண்டு, "தம்பி, நீங்க இப்ப நிக்கிற இடத்துல அந்தக் காலத்துல என்ன இருந்துச்சு தெரியுமா?" என்பார். உங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான். அதனால் என்ன? அவருடைய உடம்புதான் நம்மோடு இருக்கிறது. மனசு ஆயிரத்து எண்ணூற்று எண்பதுகளில் குடித்தனம் நடத்துகிறது.

எங்கள் ஈப்போவில் அந்தப் பதவியை வகித்தவர் பழனியப்பன். தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என் பக்கத்து வீட்டுக்காரர். அவர் வாயைத் திறந்தால் கிந்தா ஆறு பாயும். கீழேயிருந்து அரிசியும் உப்பும் கருவாடும் ஏற்றிய படகுகள் ஆற்றை எதிர்த்துக் கழி ஊன்றிக்கொண்டு வந்ததும், ஈப்போவுக்கு மேலே ஆழமில்லாததால் அங்கேயே சரக்கை இறக்கியதும், இறக்கிய இடத்தில் கடை முளைத்ததும், கடைக்குப் பக்கத்தில் அடகுக்கடை முளைத்ததும், காட்டுக்குள்ளிருந்து யானைமேலும் எருமை வண்டியிலும் வந்த ஈயம் அதே படகில் ஏறிக் கடலுக்குப் போனதும், தௌக்கே என்கிற சீன முதலாளிமார்கள் மாளிகை கட்டியதும், பிறகு ரயில் வந்து படகுக்காரன் பிழைப்பில் மண்ணைப் போட்டதுமாக அவர் மூச்சுவிடாமல் சொல்லி முடிக்கும்போது நம் தே தாரேக் தேநீரில் ஆடை படிந்திருக்கும்.

இடம், பொருள், ஏவல் எதுவும் அவருக்குக் கிடையாது. எங்கள் தெருவில் ஒருவர் காலமாகி, இடுகாட்டில் எல்லாரும் தலைகுனிந்து நிற்கிறோம். இவர் என் காதருகே வந்து, "இந்த மேடு இயற்கையா உள்ளதில்ல. லம்பத்து மண்ணுலா" என்றார். ஈயச் சுரங்கத்தை இங்கே லம்பம் என்போம். செத்தவரின் மைத்துனர் அழுகையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "எந்த லம்பம்?" என்று வேறு கேட்டுத் தொலைத்தார். அன்று நாங்கள் வீடு திரும்ப வெகுநேரமாயிற்று.

இத்தனைக்கும் பழனியப்பனின் பாட்டன் படகு ஓட்டியவரா? இல்லை. லம்பத்தில் வேலை செய்தவரா? அதுவும் இல்லை. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்ட வந்தவர். ஈயத்துக்கும் அந்தக் குடும்பத்துக்கும் இருந்த உறவெல்லாம் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசியதோடு சரி. ஆனால் "நாம கட்டின ஊரு மச்சான் இது" என்று அவர் என் தோளைத் தட்டும்போது, அந்த 'நாம'வில் நானும் சேர்த்தி என்பதால் நான் மறுத்ததில்லை.

இப்படி இருந்தவருக்குச் சோதனை மகள் வழியாக வந்தது.

மகள் ஷாமினி மருந்தகத்தில் வேலை செய்கிறாள். கெட்டிக்காரி. அப்பா படகு ஏறினால் காதில் பாட்டுக் கருவியை மாட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்விடுவாள். அவளுக்குத் தனேஷ் என்ற பையனைப் பிடித்துப்போயிற்று. மருத்துவக் கருவிகளைப் பழுதுபார்க்கிற வேலை, நிதானமான பேச்சு. ஊர், காடியில் அரைமணி தூரத்தில் இருக்கிற கோப்பெங். பழனியப்பனுக்கும் பையனைப் பிடித்துவிட்டது. அவரிடம் மாட்டிக்கொண்டும் கொட்டாவி விடாமல் கேட்ட முதல் ஆள் அவன்தான். அது எப்படி என்று நாங்கள் வியந்தோம். அவனுக்கு வீட்டில் பழக்கம் இருந்திருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மாப்பிள்ளை வீட்டார் பேசி முடிக்க வருவதாக ஏற்பாடு. பெரிய மனுஷன் ஒருவர் சபையில் இருக்கட்டும் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். பழனியப்பனின் மனைவி முத்தம்மா காலையிலேயே கணவரைச் சாமி அறைக்கு அழைத்துப் போனார்.

"இன்னைக்கு ஆறு, படகு, ஈயம், இதுல ஒண்ணும் உங்க வாய்ல வரக்கூடாது. கற்பூரத்து மேல சத்தியம் பண்ணுங்க."

"கேட்டாங்கன்னா?"

"யாரும் கேக்கமாட்டாங்க."

சத்தியம் செய்தார். அதைக் காப்பாற்றவும் செய்தார் என்பதை நான் எங்கு வேண்டுமானாலும் வந்து சொல்வேன். ஆரம்பித்தவர் அவர் இல்லை.

மாப்பிள்ளையின் அப்பா இராமசாமி, ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். அவர் மனைவி காளியம்மா. தனேஷோடு வந்தார்கள், உட்கார்ந்தார்கள், வடை வந்தது, தே வந்தது. இராமசாமி ஒரு மிடறு குடித்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். கண்களைப் பாதி மூடிக்கொண்டார். அந்தக் கண்மூடலை நான் எங்கோ பார்த்திருக்கிறேனே!

"இந்தத் தாமான் வீடுங்க இருக்கிற இடம், முன்ன லம்பக் குட்டைதானே?" என்றார் இராமசாமி.

பழனியப்பனின் முகத்தில் விளக்கு எரிந்தது. சாப்பாட்டுத் தட்டைப் பார்த்த குழந்தை தாயைப் பார்ப்பதுபோல மனைவியைப் பார்த்தார். முத்தம்மா கண்களை மூடிக்கொண்டார். அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டார் மனுஷன்.

என்ன ஒரு சங்கமம்! இவர் யானை என்றார், அவர் எருமை வண்டி என்றார். இவர் படகு என்றார், அவர் பெரிய இரும்புக் குழாயில் தண்ணீரைக் கொண்டுவந்து பீச்சி மலையையே கரைத்த கதையைச் சொன்னார். "அப்படிச் சொல்லுங்கண்ணே!" என்று ஒருவர் தொடையை ஒருவர் தட்டிக்கொண்டார்கள். பெண் காப்பித் தட்டோடு வந்து நின்றதையும், போனதையும் இருவரும் கவனிக்கவில்லை.

காளியம்மா மெல்ல முத்தம்மாவின் பக்கம் சாய்ந்தார். "உங்க வீட்லயும் இதானா அக்கா?"

"காலைல பசியாறும்போதே ஆரம்பிச்சிரும். உங்க வீட்ல?"

"பஸ் ஓட்டுனப்பயாவது பயணிங்களோட போச்சு. இப்போ நான் ஒருத்திதான் பயணி."

அந்த இரண்டு பெண்களும் அந்த நிமிஷத்திலேயே சம்பந்திகள் ஆகிவிட்டார்கள். ஆண்களுக்குத்தான் அந்தக் கொடுப்பினை இல்லை. உற்சாகத்தில் இராமசாமி ஒரு வாக்கியத்தை உதிர்த்தார்.

"எல்லாம் சரிதாண்ணே. ஆனா கோப்பெங்கு பெரிய பட்டணமா இருந்தப்போ ஈப்போ என்ன? நாலு குடிசை, ஒரு சேத்துக்குழி."

பழனியப்பன் தன் தொடையில் இருந்த இராமசாமியின் கையை எடுத்துக் கீழே வைத்தார்.

"சேத்துக்குழியா?"

"சும்மா சொல்லலண்ணே. நாங்க தோண்டிக் கொடி கட்டிப் பறந்ததுக்கு அப்பறம்தானே இங்க ஆளு வந்துச்சு."

"தோண்டினா ஆச்சா? தோண்டினதை விக்க வேணாம்? ஆறு எங்க ஊர்ல. படகு எங்க ஊர்ல. கடை எங்க ஊர்ல. அரிசி வேணும்னா எங்ககிட்டதானே வரணும்?"

"நாங்க எதுக்கு இங்க வாரோம்? எங்களுக்குத் தனி ஆத்துத்துறை இருந்துச்சுலா!"

"அண்ணே, வடை ஆறுது..." என்று நான் குறுக்கே போனேன். என்னை யார் மதித்தார்கள்?

"அவ்வளவு பெரிய ஊருன்னா," என்று எழுந்து நின்றார் பழனியப்பன், "ஏன் ரயில் வரல? பத்து காஜாவுக்கு வந்துச்சு, கம்பாருக்கு வந்துச்சு. கோப்பெங்கைப் பார்த்ததும் ஏன் வளைஞ்சு போயிருச்சு? ரயிலே வேணாம்னு ஒதுக்கின ஊருக்கு என் மகளை அனுப்பணுமா?"

ரயில் வராதது கோப்பெங்காரர்களின் ஆறாத புண். அதில் விரலை விட்டு ஆட்டிவிட்டார். இராமசாமி துண்டை உதறித் தோளில் போட்டார். "காளி, எழுந்திரு. சேத்துக்குழில பொண்ணெடுக்க நாம வரல." போய்விட்டார்கள். தனேஷ் வாசலில் நின்று ஷாமினியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டு, அப்பாவைக் காடியில் ஏற்றப் போனான்.

ஊரில் கல்யாணங்கள் நகைக்காக நின்றிருக்கின்றன, சாதிக்காக நின்றிருக்கின்றன, ஜாதகத்துக்காக நின்றிருக்கின்றன. நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய ஈயத்துக்காக நின்றது இது ஒன்றாகத்தான் இருக்கும்.

ஷாமினி அழவில்லை. அப்பாவின் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அப்பா, அந்த ரயில்ல நான் போனேனா? அந்தப் படகுல தனேஷ் வந்தானா?"

"இல்லம்மா, அவரு என்ன சொன்னாருன்னு நீ..."

"கேட்டேன். ரெண்டு பேரும் சொன்னதைக் கேட்டேன். யாரு முதல்ல வந்தா எனக்கென்னாப்பா? நாங்க ரெண்டு பேரும் வீடு வாங்கணும்னு சேத்து வச்சிட்டிருக்கோம். நீங்க இல்லாம பதிவு பண்ணிக்க எனக்கு இஷ்டமில்ல. ஆனா பண்ணிக்குவேன்."

பழனியப்பன் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். அன்று சாயங்காலம் என்னைக் கூட்டிக்கொண்டு ஆற்றோரம் நடந்தார். வழக்கமாக நிற்கிற எந்த இடத்திலும் நிற்கவில்லை. எனக்கே சங்கடமாக இருந்தது, நானாக ஒரு பழைய கட்டடத்தைக் காட்டி, "இது யாரு கட்டினதுண்ணே?" என்று கேட்டுவிட்டேன் என்றால் பாருங்கள். அவர் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"பையன் தங்கமான பையன் மச்சான்."

"அப்பறம் என்னண்ணே? ஒரு போன் போட்டு மன்னிப்புக் கேளுங்க."

"கேட்டுருவேன். ஆனா சேத்துக்குழின்னு சொல்லிட்டாரே." காலில் பட்ட ஒரு கல்லை ஆற்றுக்குள் உதைத்தார். "நான் பொறந்த தோட்டம் இப்போ கோல்ப் திடலு. எங்க லயம் இருந்த இடத்துல புல்லுக்குத் தண்ணி அடிக்கிறான். உள்ள போனா காவலுக்கு நிக்கிற ஜாகா தொரத்துறான். எங்க ஊருன்னு கையைக் காட்ட மனுஷனுக்கு ஒரு ஊரு வேணாமா? நான் இதைப் புடிச்சுக்கிட்டேன். வுட்டுக் குடுக்க முடியல."

சிரிக்கலாம் என்று போனவன் நான். சிரிப்பு வரவில்லை.

முத்தம்மா பார்த்தார். இரண்டு ஆண்களும் இறங்கி வருவார்கள் என்று காத்திருந்தால் பேரன் பேத்தி எடுக்க முடியாது. காளியம்மாவோடு தொலைபேசியில் நெடுநேரம் பேசினார். அடுத்த வாரம் என்னிடம் வந்து, "அண்ணே, நீங்களும் மத்தியானம் பாய் கடைக்கு வாங்க. பிரியாணி" என்றார்.

"எதுக்கும்மா?"

"ரெண்டு பேரும் சண்டை போட வேற ஆளு இல்லாமத்தான் ஒருத்தரோட ஒருத்தர் போட்டுக்குறாங்க. ஆளு ஒருத்தரைக் காட்டப் போறேன்."

பாய் என்று அவர் சொன்னது ஜைனுலாப்தீனை. ஆற்றுக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். விருந்துகளுக்கும் சமைத்துக் கொடுப்பவர். அவர் பிரியாணிக்கு ஈப்போவே அடிமை. ஆனால் அவர் ஈப்போக்காரர் இல்லை. தெலுக் இந்தானில் பிறந்தவர். அதை அவர் மறந்ததும் இல்லை, யாரையும் மறக்கவிட்டதும் இல்லை. முத்தம்மாவின் திட்டம் எனக்கு மெல்லப் புரிந்தது. அம்மாடி! இந்தப் பெண்மணி நாடாளுமன்றத்தில் இருக்க வேண்டியவர்.

சொன்ன நேரத்துக்கு இரண்டு குடும்பமும் கடைக்கு வந்தது. சம்பந்திகள் ஒருவரை ஒருவர் பார்த்ததும் திரும்பிப் போகப் பார்த்தார்கள். ஆனால் இலைகள் விரிந்திருந்தன, பிரியாணி இறங்கிக்கொண்டிருந்தது, ஆட்டுக்கறி வாசனை வழியை மறித்தது. ஆளுக்கொரு மூலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஷாமினியும் தனேஷும் நடுவில். ஜைனுலாப்தீன் தால்ச்சா வாளியோடு வந்து நின்றார்.

"பாய், ஒரு சந்தேகம்," என்றார் முத்தம்மா, பச்சைக் குழந்தை மாதிரி. "அந்தக் காலத்துல ஈய வியாபாரத்துல பெரிய ஊரு எது? ஈப்போவா, கோப்பெங்கா?"

ஜைனுலாப்தீன் வாளியைக் கீழே வைத்தார். நாற்காலி ஒன்றை இழுத்தார். கண்களைப் பாதி மூடிக்கொண்டார்.

"அக்கா, தோண்டுறதெல்லாம் ஒரு பெருமையா? எலிகூடத் தோண்டும்லா. ஏவாரம்னா கப்பல் வேணும். கப்பல் ஈப்போவுக்கு வந்துச்சா? கோப்பெங்குக்கு வந்துச்சா? கிந்தா ஆறு போயி பேராக் ஆத்துல விழுது. பேராக் ஆத்துல நின்னுச்சு பாருங்க எங்க தெலுக் இந்தான், அங்க வந்துச்சு கப்பலு. உங்க ஈயமெல்லாம் எங்க ஊருல வந்து கையைக் கட்டிக்கிட்டு வரிசைல நின்னாத்தான் கடலைப் பார்க்கும். உண்மையைச் சொன்னா கோவப்படாதீங்க. ஈப்போவும் கோப்பெங்கும் எங்க ஊருக்குக் கொல்லைப்புறம்."

எதிரெதிர் மூலைகளில் இரண்டு கைகள் சோற்றில் நின்றன.

"பாய், என்னா சொன்னீங்க?" கேட்டார் பழனியப்பன். "எங்க கோப்பெங்கு கொல்லைப்புறமா?"

இராமசாமி சடாரென்று திரும்பினார். காதில் விழுந்தது சரிதானா என்று மனைவியைப் பார்த்தார். காளியம்மா தலையாட்டினார்.

"மலையைக் கரைச்ச ஊரு பாய் அது!" பழனியப்பன் நிறுத்தவில்லை. "ஈயம் இல்லன்னா உங்க கப்பல்ல என்னத்தை ஏத்தியிருப்பீங்க? கருவாட்டையா?"

"அப்படிக் கேளுங்கண்ணே!" இராமசாமி எச்சில் கையோடு எழுந்துவிட்டார். "ஈப்போக் கடைக்காரன் அரிசி அனுப்பலன்னா லம்பத்துல ஒரு ஆளு உசுரோட இருந்திருப்பானா? அந்த ஆறு அப்படி ஓடுச்சு பாய். நீங்க கடைசில நின்னு வாங்கிப் போட்டவங்க."

"உங்களுக்கு முன்னாடி எங்களுக்குத்தான் ரயிலு வந்துச்சுலா!" என்றார் ஜைனுலாப்தீன்.

"வந்துச்சு. இப்போ எங்க?" என்றார் இராமசாமி.

"தண்டவாளத்தைக்கூட காணோமே," என்றார் பழனியப்பன். "ரயில் வராத ஊருக்கு ஒரு மானம் இருக்கு பாய். வந்த ரயிலைப் பறிகுடுத்த ஊருக்கு?"

கடையே சிரித்தது. பணம் கட்ட நின்ற சீனக் கிழவர்கூட விஷயம் புரியாமலே சிரித்தார். ஜைனுலாப்தீன் முகம் சிவந்து சமையலறைக்குள் போனார். நான் பயந்துவிட்டேன். ஆனால் தொழில்காரர், ஒரு பெரிய தட்டில் ஆட்டுக்கறியோடு திரும்பிவந்து இரண்டு பேர் இலையிலும் தட்டினார். "சாப்பிடுங்க. தெம்பா இருந்தாத்தான் நான் சொல்லப்போறதைத் தாங்குவீங்க" என்று மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார்.

அன்று மத்தியானம் அந்த மூவர் கூட்டணி என்ன பேசியது என்று கேட்காதீர்கள். நான் கை கழுவப் போனவன் திரும்பவில்லை. ஆனால் திரும்பிப் பார்த்தபோது பழனியப்பனும் இராமசாமியும் ஒரே பக்கம், ஒரே பெஞ்சில், தோளோடு தோள் உட்கார்ந்திருந்தார்கள். "அன்னைக்கு வாய் தவறிருச்சுண்ணே" என்று ஒருவர் சொல்ல, "எனக்கும்தாண்ணே" என்று மற்றவர் சொன்னது கேட்டது.

கல்யாணப் பேச்சை முத்தம்மா அந்த இடத்திலேயே முடித்தார். சமையல் பாய். மண்டபம்? "ஈப்போ" என்று ஒருவரும் "கோப்பெங்" என்று ஒருவரும் வாயெடுத்தார்கள். தனேஷ் முந்திக்கொண்டான். "சிம்பாங் பூலாய். நடுவுல இருக்கு. நாங்க வீடும் அங்கதான் பார்த்திருக்கோம்."

சம்பந்திகள் முழித்தார்கள். "சிம்பாங் பூலாய்க்கு அந்தக் காலத்துல என்னண்ணே விசேஷம்?" என்றார் இராமசாமி.

"நாம ரெண்டு பேரும் பார்த்துச் சொன்னாத்தான் உண்டு," என்றார் பழனியப்பன்.

ஷாமினி தலையில் கைவைத்துக்கொண்டாள். ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கல்யாணம் ஜாம்ஜாம் என்று நடந்தது. இப்போது என் நிலைமைதான் மோசம். முன்பு ஒருவர், இன்று இருவர். ஒருவர் மூச்சு வாங்கும்போது மற்றவர் தொடர்கிறார். பெண்கள் இருவரும் அந்த நேரத்தில் நிம்மதியாகத் துணிக்கடைக்குப் போய்வருகிறார்கள். ஆற்றங்கரையில் வெளியூர்க்காரர் யாராவது தனியாக நின்றால், என்னைப் போன்ற ஊர்க்காரர்கள் தூரத்திலிருந்தே கையைக் காட்டி விரட்டிவிடுகிறோம். அது மனிதாபிமானம்.

கடைசியாக உங்களிடம் ஒரு வார்த்தை, வாசகரே. எனக்குத் தெரியும், நீங்கள் அந்த வகை இல்லை. ஆனாலும் கேட்கிறேன்: ஈயத்தைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுதியவன் இந்த ஊர்களுக்கெல்லாம் முன்பே ஈயம் தோண்டிய தைப்பிங்கைப் பற்றி ஒரு வரி எழுதவில்லையே என்று உங்களுக்கு நடுவில் சின்னதாக ஓர் எரிச்சல் வந்ததா? அல்லது, அதெல்லாம் இருக்கட்டும், எங்கள் கிள்ளானில், எங்கள் மூவாரில், எங்கள் தாமிரபரணிக் கரையில் அதற்கும் முன்பே, என்று உதடு லேசாகப் பிரிந்ததா? யாரிடமாவது இப்போதே சொல்ல வேண்டும்போல இருக்கிறதா? உங்கள் வீட்டில் யாரோ ஓர் அறைக்கதவை மெல்லச் சாத்துகிற சத்தம் கேட்கிறதே, கவனித்தீர்களா?

அது காற்று இல்லை.